“கேம்தானே” என்று சொல்லாதீர்கள்: ஒரு அக்கவுண்ட், 34 நாள், 11 பதில்கள்

1/
இது மருத்துவ த்ரெட் இல்லை. ஆனா ஒரு டாக்டரா எனக்கு ரொம்பக் கோபம் வந்த விஷயம். ஆன்லைன் கேம் கம்பெனிகளோட “கஸ்டமர் சப்போர்ட்” பத்தி எழுதப் போறேன். நீளம்தான். வீட்ல போன் வச்சிருக்கிற பிள்ளை இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. என்ன செய்யணும்ங்கிறதை கடைசியில எழுதியிருக்கேன்.

2/
“டாக்டருக்கு வேற வேலை இல்லையா, கேம் பத்தி எழுத வந்துட்டார்”னு யாராவது கமெண்ட் போடுவீங்கன்னு தெரியும். மூணு மாசம் முன்னாடி வரைக்கும் நானும் உங்க கட்சிதான். அதனாலதான் எழுதறேன்.

3/
நடந்தது இதுதான். என் பையன் ஒன்பதாம் வகுப்பு. மூணு வருஷமா ஒரு கேம் விளையாடறான். சனி, ஞாயிறு மட்டும், நேரம் பேசி வச்சு. பிறந்தநாளுக்குத் தாத்தா குடுத்த காசு, தீபாவளிக்குக் கிடைச்ச காசுன்னு சேர்த்து வச்சு, கொஞ்சம் கொஞ்சமா அதுல டிரெஸ், ஸ்கின் எல்லாம் வாங்கியிருக்கான். எல்லாமே எங்களுக்குத் தெரிஞ்சுதான், என் கார்டுலதான். மொத்தம் 6,800 ரூபாய்.

4/
ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாகின் ஆகலை. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. மாத்தலாம்னு பார்த்தா அக்கவுண்ட்ல இருந்த மெயில் ஐடியே வேற. யாரோ உள்ளே புகுந்து எல்லாத்தையும் மாத்திட்டாங்க. பையன் முகம் வாடிப் போச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கேம்தானடா, விடு. போய்ப் படி.”

5/
திங்கட்கிழமை அவன்கூடப் படிக்கிற பையனோட அம்மா போன் பண்ணாங்க. “சார், உங்க பையன் அவசரமா 1,500 ரூபாய் வேணும்னு கேட்டானாம். என் போன்ல இருந்து இவன் அனுப்பியிருக்கான். எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?” குரல் மரியாதையாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள இருந்த சந்தேகம் எனக்குக் கேட்டுச்சு.

6/
என் பையன் யார்கிட்டயும் காசு கேட்கலை. அக்கவுண்டைத் திருடினவன், கேமுக்குள்ள இருக்கிற சாட்ல, என் பையன் பேர்ல, அவனோட ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருந்த எல்லாப் பிள்ளைகள்கிட்டயும் கேட்டிருக்கான். கூடவே ஒரு யூபிஐ ஐடி. ஒரு பிள்ளை நம்பி அனுப்பிடுச்சு. அடுத்த நாள் ஸ்கூல்ல என் பையனுக்கு “ஃபிராடு”ன்னு பட்டப்பேர்.

7/
அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. அந்த அக்கவுண்ட் பொம்மை இல்லை. அது அவனோட பேர். அவன் பேரை வச்சு இன்னொருத்தன் பேசிட்டு இருக்கான். அதை உடனே நிறுத்தற அதிகாரம் அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் இருக்கு. போலீஸ் நினைச்சாலும் அவங்க மூலமாத்தான் செய்யணும்.

8/
சரி, கம்பெனிகிட்ட சொல்லுவோம்னு உட்கார்ந்தேன். போன் நம்பர் கிடையாது. உதவிப் பக்கத்தைக் கண்டுபிடிக்கவே எட்டு தடவை கிளிக் பண்ணணும். அதே கேம்ல காசு கட்டற பட்டன் எங்கே இருக்கு? ஒவ்வொரு ஸ்கிரீன்லயும், மேல வலது மூலையில, மின்னிக்கிட்டே இருக்கு.

9/
முதல்ல வந்தது சாட்பாட். “வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?” அக்கவுண்ட் திருடுபோயிருச்சுன்னு எழுதினேன். “பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?”ன்னு ஒரு லிங்க் குடுத்துச்சு. இல்லைன்னேன். மறுபடி அதே லிங்க். நாலாவது தடவை “மனுஷங்க யாராவது இருக்கீங்களா?”ன்னு எழுதினேன். அதுக்கும் அதே லிங்க்.

10/
ஒருவழியா டிக்கெட் போட்டேன். மூணு நாள் கழிச்சு பதில். “பாதுகாப்புக் காரணங்களுக்காக, அக்கவுண்டில் பதிவு செய்யப்பட்டுள்ள மெயிலில் இருந்து எங்களுக்கு எழுதவும்.” அந்த மெயிலைத்தானய்யா திருடன் மாத்திட்டான்! வீட்டுச் சாவி திருடுபோச்சுன்னு புகார் குடுக்கப் போனா, “அந்தச் சாவியைக் கொண்டு வந்து காட்டுங்க, அப்பதான் புகார் எடுப்போம்”னு சொல்ற மாதிரி.

11/
திரும்ப எழுதினேன். மூணு வருஷத்துல வாங்கினதுக்கு உண்டான 14 பில், ஒவ்வொண்ணோட ஆர்டர் நம்பர், தேதி, எந்தப் போன்ல விளையாடினான், அக்கவுண்ட் எந்த மாசம் ஆரம்பிச்சது, பழைய மெயில் ஐடி, அந்தப் பழைய மெயிலுக்கு வந்த “உங்கள் மெயில் மாற்றப்பட்டது” அறிவிப்போட ஸ்கிரீன்ஷாட். ஒரு நோயாளியை மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் பண்ணும்போதுகூட நான் இவ்வளவு எழுதினதில்லை.

12/
பதில் வேற ஒரு பேர்ல வந்துச்சு. முதல் பதில்ல இருந்த அதே மூணு வரி. கமா கூட மாறலை. அடுத்தது இன்னொரு பேர். அதுவும் அப்படியே. மொத்தம் 11 பதில், ஆறு பேர். ஆறு பேர்ல ஒருத்தராவது நான் அனுப்பின 14 பில்லைத் திறந்து பார்த்ததா எந்த அடையாளமும் இல்லை.

13/
20ஆம் நாள் ஒரு மெயில். “உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டதால் டிக்கெட் மூடப்படுகிறது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?” அதே நேரத்துல அந்தத் திருடன் இன்னொரு பிள்ளைகிட்ட காசு கேட்டுக்கிட்டு இருந்தான். இந்தத் தடவை அந்தப் பிள்ளை உஷாராகி என் பையனுக்கே போன் பண்ணிட்டான்.

14/
இப்ப ஒரு டாக்டரா பேசறேன். ஒரு நோயாளி என்கிட்ட நெஞ்சு வலின்னு வர்றார். நான் அவர் சொல்றதைக் கேட்காம, பாரசிட்டமால் எழுதி அனுப்பறேன். அடுத்த நாள் வேற டாக்டர், அதே பாரசிட்டமால். மூணாவது நாளும் அதே. கடைசியில “குணமாகிவிட்டது”ன்னு எழுதி கேஸ் ஷீட்டை மூடிட்டு, எத்தனை ஸ்டார்னு கேட்கறேன். என்னை என்ன பண்ணுவீங்க? சட்டையைப் பிடிப்பீங்க. பிடிக்கணும்.

15/
“லட்சக்கணக்கான பேர் விளையாடற இடம் சார், ஒவ்வொருத்தரையும் எப்படிக் கவனிக்க முடியும்?”னு ஒரு வாதம் வரும். நான் அரசு மருத்துவமனையில வேலை பார்த்திருக்கேன். காலையில் ஓபி திறக்கும்போதே வராண்டா முழுக்க ஆள். உட்கார இடம் இருக்காது, பேன் ஓடாது. ஆனா வந்தவர் கையில் ஒரு ஓபி சீட்டு இருக்கும். அதுல நேத்து பார்த்த டாக்டர் என்ன எழுதினார்னு இருக்கும். முன்னாடி ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான்.

16/
காசே வாங்காத இடத்துல இது முடியுது. ஒரு துப்பாக்கிக்கு கலர் மாத்த 800 ரூபாய் வாங்கற கம்பெனிக்கு முடியாதா? முடியாதது இல்லை. செலவு பண்ண மனசில்லை. காசு கட்டற பட்டன் என்னிக்காவது ஒரு நிமிஷம் வேலை செய்யாம இருந்து பார்த்திருக்கீங்களா? அதுக்கு ஆள் இருக்கு.

17/
இன்னொண்ணு சொல்லிடறேன். அந்த ஆறு பேர் மேல எனக்குக் கோபம் இல்லை. இந்த வேலையில பெரும்பகுதி கான்ட்ராக்ட்ல வெளியே விடப்படுது. இந்தியாவுலயும் பிலிப்பைன்ஸ்லயும் நைட் ஷிஃப்ட்ல உட்கார்ந்திருக்கிற பசங்க. எத்தனை டிக்கெட்டை எவ்வளவு நிமிஷத்துல மூடினேங்கிறதுதான் அவங்க மார்க். அவங்களைத் திட்டாதீங்க. அப்படி மார்க் போடச் சொன்னவனைக் கேளுங்க.

18/
இந்தியாவுல டாக்டர்களைச் சட்டம் எப்படி நடத்துதுன்னு சொல்றேன். 1995 நவம்பர்ல, இந்திய மருத்துவர் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்குல உச்ச நீதிமன்றம், காசு வாங்கிட்டு செய்யற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு தீர்ப்பு சொல்லிச்சு. டாக்டர்கள் அதை எதிர்த்தோம். “உயிர் காக்கிற எங்களைக் கடைக்காரனோட சேர்க்கலாமா”ன்னு கேட்டோம். சேர்த்தாங்க. இன்னிக்கு யோசிச்சா அது சரிதான்னு படுது.

19/
நோயாளியோ அவரோட உறவினரோ கேஸ் ஷீட் நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். 2002இல் வந்த மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி அது. “பாதுகாப்புக் காரணங்களால் உங்களுக்கு என்ன வியாதின்னு சொல்ல முடியாது”ன்னு நான் சொல்ல முடியாது. ஒரு உயிரையே கையில் வச்சிருக்கிறவனுக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, ஒரு ஸ்கின் விக்கிறவனுக்கு ஏன் எதுவுமே இல்லாத மாதிரி நடந்துக்கிறாங்க?

20/
எதுவுமே இல்லைன்னு நினைச்சுத்தான் நானும் 24 நாள் வீணாக்கினேன். சட்டம் இருக்கு. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020. டிஜிட்டல் பொருளும் அதுல அடக்கம். குறைதீர் அலுவலர் ஒருத்தரை நியமிக்கணும், அவர் பேரும் தொடர்பு விவரமும் தளத்துல போடணும். புகார் வந்தா 48 மணி நேரத்துல பெற்றுக்கொண்டோம்னு சொல்லணும். ஒரு மாசத்துல தீர்க்கணும். கம்பெனி வெளிநாட்டுல இருந்தாலும் இங்க உள்ளவங்களுக்குத் தொடர்ந்து விக்கிறான்னா இது பொருந்தும்.

21/
அந்தக் கம்பெனி தளத்தோட அடியில, பொடி எழுத்துல, பிரைவசி பாலிசிக்குள்ள, கீழே, கீழே போனா அந்த அலுவலர் பேர் இருந்துச்சு. 25ஆம் நாள் அவருக்கு ஒரு மெயில் போட்டேன். எந்த விதி, என்ன தேதி, எத்தனை பதில், திருடன் எத்தனை பிள்ளைகள்கிட்ட காசு கேட்டான், எல்லாம் வரிசையா. “இன்ன தேதிக்குள் தீர்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு”ன்னு கடைசி வரி.

22/
34ஆம் நாள் அக்கவுண்ட் திரும்பி வந்துச்சு. “உங்கள் அக்கவுண்ட் மீட்கப்பட்டது. உங்கள் புரிதலுக்கு நன்றி.” அவ்வளவுதான். எப்படித் திருடுபோச்சு? சொல்லலை. ஒரு மாசம் ஏன் விட்டீங்க? சொல்லலை. உள்ளே இருந்த கேம் காசு மொத்தமும் காலி. அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

23/
இப்ப உங்களை ஒண்ணு கேட்கறேன். நான் இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்சவன். விதியைத் தேடிப் படிக்கத் தெரிஞ்சவன். ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து மெயில் போட வீட்ல லேப்டாப் இருக்கு. எனக்கே 34 நாள். இதெல்லாம் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?

24/
அதுக்குப் பதில் என் ஓபிக்கே வந்துச்சு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) 12 வயசுப் பையன். ரெண்டு வாரமா காலையில வயித்து வலி. ஸ்கூல் போறதில்லை. தூக்கம் இல்லை. வேற இடத்துல ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாச்சு. எல்லாம் நார்மல். அம்மா ஒரு தையல் கம்பெனியில வேலை.

25/
பையனைத் தனியா உட்கார வச்சுப் பேசினேன். அம்மா போன்ல யூபிஐ போட்டுக் குடுத்ததே அவன்தான். அதனால பின் நம்பர் தெரியும். ஒரு கேம்ல “இன்னும் 10 நிமிஷம்தான் இந்த ஆஃபர்”னு வந்துக்கிட்டே இருக்க, அஞ்சாறு தடவையா 9,200 ரூபாய் போயிருக்கு. அது மகளிர் குழுக் கடன் கட்ட வச்சிருந்த காசு. அம்மா கண்டுபிடிச்ச அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் வயித்து வலி.

26/
அந்த அம்மா சும்மா இருக்கலை. கேமுக்குள்ள போய் உதவிப் பக்கத்தைத் திறந்திருக்காங்க. எல்லாம் இங்கிலீஷ். ஒண்ணும் புரியலை. பக்கத்துச் செல்போன் கடையில கேட்டிருக்காங்க. “நான் ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்”னு அவர் 500 ரூபாய் வாங்கிட்டார். ஒண்ணும் வரலை. என்கிட்ட வரும்போது கூகுள் பிளேல சுலபமா ரீஃபண்ட் கேட்கக்கூடிய 48 மணி நேரம் என்னைக்கோ தாண்டிப் போச்சு.

27/
கவனிங்க. அதே கேம் “வாங்கு”ங்கிறதைத் தமிழ்ல சொல்லுது. ஆஃபர் தமிழ்ல வருது. கேம்ல பேசற குரல்கூடத் தமிழ். காசு போயிருச்சுன்னு சொல்லப் போனா மட்டும் இங்கிலீஷ். வாங்கும்போது தமிழச்சி, புகார் சொல்லும்போது வெளியூர்க்காரியா?

28/
இதெல்லாம் தற்செயலா நடக்கலை. அமெரிக்காவைப் பாருங்க. 2022 டிசம்பர்ல அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன், ஃபோர்ட்நைட் கேமை நடத்தற எபிக் கேம்ஸ் மேல நடவடிக்கை எடுத்துச்சு. மொத்தம் 520 மில்லியன் டாலர் கட்ட அந்தக் கம்பெனி ஒத்துக்கிச்சு. அதுல 275 மில்லியன், குழந்தைகளோட தனியுரிமைச் சட்டத்தை மீறினதுக்கு அபராதம். 245 மில்லியன், ஏமாந்து காசு கட்டினவங்களுக்குத் திருப்பிக் குடுக்க.

29/
கமிஷன் வச்ச குற்றச்சாட்டைப் படிச்சா நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு. தெரியாமலே வாங்கிடற மாதிரி குழப்பமான பட்டன் அமைப்பு. ரத்து செய்யற, ரீஃபண்ட் கேட்கிற வழியை வேணும்னே கண்ணுக்குத் தெரியாம வச்சது. 10 லட்சத்துக்கும் மேல வந்த புகாரையும், சொந்த ஊழியர்கள் சொன்ன எச்சரிக்கையையும் கண்டுக்காம விட்டது. பேங்க்ல புகார் குடுத்தவங்க அக்கவுண்டையே பூட்டி வச்சது.

30/
கடைசி வரியை மறுபடி படிங்க. காசைத் திருப்பிக் கேட்டா, ஏற்கெனவே காசு குடுத்து வாங்கினதெல்லாம் போயிரும். இதுக்கு முன்னாடி 2014லயே, குழந்தைகள் ஆப்ல பண்ணின பர்ச்சேஸுக்காக ஆப்பிள் குறைஞ்சது 32.5 மில்லியன் டாலரும், கூகுள் குறைஞ்சது 19 மில்லியன் டாலரும் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க. ஆக, கட்டாயப்படுத்தினா காசு திரும்பி வரும். யாராவது கட்டாயப்படுத்தணும்.

31/
“பிள்ளைகிட்ட போனைக் குடுத்தது பெத்தவங்க தப்புதானே?” ஆமா, தப்பு இருக்கு. என் தப்பும் இருக்கு. என் பையன் அக்கவுண்ட்ல ரெண்டு ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருக்கணும், போடலை. ஆனா எட்டு வயசுப் பிள்ளை 2,000 ரூபாயோட தனியா கடைக்கு வந்தா, “அம்மாவைக் கூட்டிட்டு வா கண்ணு”ன்னு சொல்ற மளிகைக்கடை அண்ணாச்சிங்களைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. அந்த அளவு யோக்கியதையைத்தான் இவங்ககிட்டயும் கேட்கறேன்.

32/
இது தர்மம் மட்டும் இல்லை, சட்டமும்தான். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவங்க. அப்படிப் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு 1903லயே பிரிவி கவுன்சில் தீர்ப்பு இருக்கு. “நான் ஒப்புக்கொள்கிறேன்”ங்கிற பட்டனை 12 வயசுப் பிள்ளை அமுக்கினா, அதை வச்சுக்கிட்டு “எங்க விதிமுறையில் இருக்கே”ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

33/
“விவரமாச் சொன்னா ஏமாத்தி விளையாடறவன் அதை வச்சுத் தப்பிச்சுக்குவான், அதனாலதான் காரணம் சொல்றதில்லை”ங்கிறது இன்னொரு வாதம். இதுல பாதி நியாயம் இருக்கு. எந்த சாஃப்ட்வேர் வச்சுப் பிடிச்சோம்னு சொல்ல வேண்டாம். ஆனா என்ன குற்றம், என்ன தேதி, யார்கிட்ட மேல்முறையீடுன்னு சொல்லலாமே. டிராபிக் போலீஸ் போடற 500 ரூபாய் ஃபைன் சலான்ல கூட அது இருக்கு.

34/
இப்ப இந்த த்ரெட்டோட முக்கியமான இடத்துக்கு வர்றேன். இவ்வளவு நடந்தும் ஏன் யாரும் புகார் குடுக்கறதில்லை? வெட்கம். “கேம்ல காசு விட்டுட்டான்”னு வெளியே சொன்னா, “பிள்ளையை இப்படியா வளர்ப்பீங்க”ன்னு கேட்பாங்களேங்கிற வெட்கம். அந்த அம்மா என்கிட்டயே அதைச் சொல்ல 20 நிமிஷம் ஆச்சு. என் வீட்லயே நான் சொன்ன முதல் வார்த்தை “கேம்தானடா.”

35/
பஸ் ஸ்டாண்ட் சுவர்ல “மூலம், பௌத்திரம், ஆண்மைக்குறைவு”ன்னு போஸ்டர் ஒட்டற போலி டாக்டருங்க எப்படிப் பிழைக்கிறாங்க? மருந்து நல்லா இருக்கிறதாலயா? இல்லை. ஏமாந்தவன் வெளியே சொல்ல மாட்டான். அதுதான் அவங்க முதலீடு. கேம் கம்பெனிகளுக்கும் நம்ம வெட்கம்தான் முதலீடு. நாம பிள்ளையைத் திட்டிட்டு விட்டுடுவோம்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

36/
“கேம் அடிக்‌ஷன்” பத்தியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11ல கேமிங் டிஸார்டர் இருக்கு, 2022ல இருந்து நடைமுறையில இருக்கு. ஆனா கட்டுப்பாடு போய், படிப்பும் வேலையும் உறவும் கெட்டும் விட முடியாம, பொதுவா 12 மாசம் நீடிச்சாத்தான் அந்தப் பேர். வாரக் கடைசியில விளையாடற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. திருட்டுக் குடுத்தவனை “அடிக்ட்”னு சொல்லிட்டா திருடனைத் தேட வேண்டிய அவசியமே இல்லாம போயிரும்.

37/
என் கோரிக்கை பெரிசா ஒண்ணும் இல்லை. அக்கவுண்ட் திருடுபோச்சுன்னு சொன்ன ஒரு மணி நேரத்துல அதை முடக்குங்க. யாரோடதுன்னு அப்புறம் விசாரிங்க. தமிழ்ல விக்கிறவன் தமிழ்லயே புகார் வாங்கட்டும். மூணு தடவைக்கு மேல எழுதினா ஒரு மனுஷன் பேசட்டும். முடிவு எதுவா இருந்தாலும் காரணம் எழுதட்டும். வாங்கற பட்டன் எங்கே இருக்கோ, ரீஃபண்ட் பட்டனும் அங்கேயே இருக்கட்டும்.

38/
இப்ப நீங்க செய்ய வேண்டியது. ஒண்ணு: இன்னிக்கே பிள்ளையோட அக்கவுண்ட்ல ரெண்டு ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. “கெஸ்ட்” அக்கவுண்ட்ல விளையாடினா போன் மாறும்போது எல்லாம் போயிரலாம். ஒரு மெயிலோட இணைச்சு வைங்க. பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி மாத்துங்க. யூபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா மாத்துங்க.

39/
ரெண்டு: காசு போனது தெரிஞ்ச உடனே, திட்டறதுக்கு முன்னாடி, ரீஃபண்ட் கேளுங்க. கூகுள் பிளேல முதல் 48 மணி நேரம் முக்கியம். மெயில்ல “ஜிபிஏ”ன்னு ஆரம்பிக்கிற ஆர்டர் நம்பர் இருக்கும், பத்திரமா வைங்க. எல்லாத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. சாட்பாட்கூடப் பேசினதையும் சேர்த்து.

40/
மூணு: சப்போர்ட்கூட மல்லுக்கட்டி என்னை மாதிரி நாளை வீணாக்காதீங்க. ஒரே பதில் ரெண்டாவது தடவை வந்தா, தளத்தோட அடியில போய் குறைதீர் அலுவலர் பேரைத் தேடி நேரா அவருக்கு எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம். 2020 மின்வணிக விதி, 48 மணி நேரம், ஒரு மாசம், இந்த மூணையும் குறிப்பிடுங்க.

41/
நாலு: அதுக்கும் அசையலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க வசிக்கிற மாவட்டத்துலயே மனு போடலாம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. திருட்டு, பேர் சொல்லிக் காசு கேட்கிறதுன்னா 1930க்கு உடனே போன் பண்ணுங்க. காசு அனுப்பின முதல் சில மணி நேரத்துலயே சொன்னா நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

42/
அஞ்சு: “அக்கவுண்டை மீட்டுத் தர்றேன்”னு டெலிகிராம்லயும் யூடியூப் கமெண்ட்லயும் வர்றவனை நம்பாதீங்க. ஓடிபி, பாஸ்வேர்டு யாருக்கும் குடுக்காதீங்க. முதல் திருடன் விட்டு வச்சதை எடுக்க வர்ற ரெண்டாவது திருடன் அவன்.

43/
ஆறு, இது டாக்டரா சொல்றது: பிள்ளை தூங்காம, சாப்பிடாம, ஸ்கூல் போகாம இருந்தா அதை நடிப்புன்னு தள்ளாதீங்க. காசு போன பயம்தான் வயித்து வலியா வரும். முதல்ல உட்கார்ந்து கேளுங்க. தேவைப்பட்டா டெலி மனஸ் 14416க்குக் கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

44/
அந்த 12 வயசுப் பையனுக்கு நான் எழுதிக் குடுத்தது மருந்து இல்லை. அம்மாவுக்கு ஒரு புகார் மெயில், என் மேசையிலேயே உட்கார்ந்து. காசு இன்னும் வரலை, ஆணையத்துக்குப் போகலாம்னு சொல்லியிருக்கேன். ஆனா “அம்மா உன்னைத் திட்ட மாட்டாங்க, நாம சேர்ந்து கேட்போம்”னு சொன்ன அடுத்த வாரம் அவன் ஸ்கூல் போயிட்டான்.

45/
என் பையன் கதை? அவன் ஃப்ரெண்டோட 1,500 ரூபாயை நான் குடுத்துட்டேன். அந்த அம்மா வேண்டாம்னாங்க, கட்டாயப்படுத்திக் குடுத்தேன். பையன்கிட்ட மன்னிப்பும் கேட்டேன், “கேம்தானடா”ன்னு சொன்னதுக்கு. கம்பெனிகிட்ட இருந்து இன்னும் ஒரு மன்னிப்பும் வரலை. கேம் காசு காலியானதுக்கு நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டிருக்கேன். 6,800 ரூபாய்க்கு இவ்வளவு தேவையான்னு வீட்ல கேட்டாங்க. தேவைதான்.

46/
உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா கமெண்ட்ல எழுதுங்க. வெட்கப்படாதீங்க. ஆர்டர் நம்பர், போன் நம்பர், பிள்ளை பேர் மட்டும் போடாதீங்க. புகார் மெயில் எழுதத் தெரியலைன்னா சொல்லுங்க, ஒரு மாதிரிக் கடிதம் தமிழ்லயே போட்டு விடறேன். இப்ப போனை வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டுட்டு வைங்க.

(முற்றும்)